விழுந்தது யார், தூக்கியது யார்

டனிஸ்ரன் அதிகம் கதைக்காத ஆள். ஞாயிறு பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் கூடி நின்று ஹொக்கி, வாடகை, ஊர்ப் புதினம் என்று அளந்துகொண்டிருக்கும்போது, அவன் சுவரோரம் நின்று கையிலுள்ள கோப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எது கேட்டாலும் "ஓம்", அல்லது "இல்லை". மிஞ்சிப்போனால் ஒரு சிரிப்பு.

மன்னாரில் பிறந்தவன். பத்தொன்பது வயதில், ஏற்கெனவே இங்கே வந்திருந்த அக்கா அக்னெஸின் பின்னால் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தான். டவுன்டவுனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, மெல்ல மெல்ல அடுப்புப் பக்கம் நகர்ந்து, இப்போது அங்கே சூப்பும் சலாட்டும் அவன் பொறுப்பு. குசினியில் சத்தம் போட ஆட்களுக்குக் குறைவில்லை. கொதிக்கும் சட்டியோடு பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு நடுவில், தன்பாட்டில் வெங்காயம் அரிந்துகொண்டு நிற்கிற இவனைத் தலைமைச் சமையற்காரருக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது.

முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் இல்லை. அக்னெஸ் பக்கத்து நகரமான புரோசார்ட்டில் இருந்துகொண்டு தெரிந்தவர்கள் எல்லோரிடமும் பெண் கேட்டாள். பெண் வீட்டார் வருவார்கள். இவன் பேசாமல் இருப்பான். அவர்கள் போய்விடுவார்கள்.

டெல்மா எங்கள் தமிழ்ப் பூசைக்கு வந்தது தவறுதலாக. பார்க் எக்ஸ்டென்ஷனில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் குடிவந்திருந்தாள். கதவில் ஒட்டியிருந்த பூசை நேரங்களைப் பிழையாகப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பூசை என்று நினைத்து உள்ளே வந்து, கடைசி வாங்கில் இருந்துவிட்டாள். கறுத்த, கட்டையான, சுருட்டைத் தலைமயிர்க்காரி. தோளில் பல நிற நூலால் பின்னிய ஒரு பெரிய பை. அன்றைக்கு எங்கள் சுவாமியின் பிரசங்கம் நீண்டுவிட்டது. பாதியில் எழும்பிப் போகாமல் கடைசிவரை இருந்தாள்.

பிறகு மண்டபத்துக்கு வந்தாள். கோப்பி ஊற்றுகிற முறை அன்றைக்கு டனிஸ்ரனுடையது.

"இது என்ன மொழி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தமிழ்."

"உங்கள் சாமியார் கடைசி வினைச்சொல்லை வைக்கவே மாட்டாரோ என்று பயந்துவிட்டேன்."

டனிஸ்ரனுக்கு விளங்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டு விளக்கினாள். தன் ஊரிலும் இப்படித்தான் பேசுவார்கள். செய்து, போய், எடுத்து, கொடுத்து என்று ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவார்கள், கடைசியில் ஒரு சொல் வந்து விழும், அதோடு முழுவதும் உட்காரும். "எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவருடைய குரல் அங்கங்கே உட்காருவது கேட்டது. வீட்டில் இருப்பது போல இருந்தது."

பிறகு கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். "இதைக் கோப்பி என்று யார் சொன்னது? அடுத்த ஞாயிறு நான் கொண்டுவருகிறேன்."

அவள் பப்புவா நியூகினியின் மலைநாட்டுக்காரி. சிம்பு என்கிற மாகாணம். தகப்பன் சியூனே, மலைச்சரிவில் கோப்பி பயிரிடுகிறவர். கோப்பிச் செடிக்கு வருகிற நோய்களைப் பற்றிப் படிக்க மொன்றியலுக்கு வந்தவள், படிப்பு முடிய ஒரு கோப்பி இறக்குமதி நிறுவனத்தில் வேலை எடுத்து இங்கேயே நின்றுவிட்டாள். வருகிற மூட்டைகளில் மாதிரி எடுத்து, வறுத்து, ருசித்துத் தரம் பார்ப்பது அவள் வேலை. சொன்னபடியே அடுத்த ஞாயிறு கோப்பித் தூளோடு வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தாள்.

டனிஸ்ரன் விஷயத்தைச் சொன்னபோது அக்னெஸ் தலையில் கையை வைத்தாள். "யாழ்ப்பாணம் எண்டா விசாரிக்கலாம். மட்டக்களப்பு எண்டாலும் விசாரிக்கலாம். பப்புவா நியூகினியில எனக்கு ஆரைத் தெரியும், விசாரிக்க?"

"என்னை விசாரியுங்கோ அக்கா," என்றான் டனிஸ்ரன். அவன் வாயில் இருந்து வந்த நீளமான பதில் அதுதான் என்று அக்னெஸ் இன்றைக்கும் சொல்லுவாள். கலியாணம் எங்கள் கோயிலிலேயே நடந்தது.

அவர்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் டெல்மா வேறு ஆளாக மாறுவாள். அந்த நேரம் அவளுடைய ஊரில் ஞாயிறு காலை. வீட்டடியில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால் தகப்பன் பூசைக்குப் போகும் வழியில் மலைமுகட்டில் ஏறி நிற்பார். இவள் அழைப்பு எடுப்பாள். பிறகு சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு உரத்தும் அவள் கதைப்பாள் என்பது கலியாணம் கட்டிய பிறகுதான் டனிஸ்ரனுக்குத் தெரிந்தது. தொலைபேசியை வைத்ததும் பழையபடி மெல்லிய ஆங்கிலத்துக்கு வந்துவிடுவாள்.

அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஒருநாள் டனிஸ்ரன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். குசினியில் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தான். அவள் தனியே நின்று மரக்கறி கழுவிக்கொண்டு தன் மொழியில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆரோடு கதைக்கிறாய்?"

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இவரோடு. இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"

முறைப்பாடாக அவள் அதைச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் டனிஸ்ரனுக்கு அது உள்ளே போய்த் தைத்தது. அவன் கதைக்காத ஆள்தான். ஆனாலும் தெருவில் இறங்கினால் மூன்றாவது கடையில் தமிழ் கேட்கும். பஸ்ஸில் கேட்கும். கோயிலில் கேட்கும். கதைக்காமல் இருப்பது அவனாகத் தேடிக்கொண்டது. அவளுக்கு இந்தப் பெரிய பட்டினத்தில் மறுமொழி சொல்ல ஒரு சீவன் இல்லை.

"எனக்குப் பழக்கு," என்றான்.

தொடக்கத்தில் சொற்கள். தண்ணி, நெருப்பு, மழை, பன்றி, வத்தாளங்கிழங்கு. வேலையில் கரட் வெட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். பக்கத்தில் நிற்கிற மெக்சிக்கோக்காரன் இவன் செபம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டான். சொற்கள் சுகமாக ஒட்டின. வசனம் என்று வந்தவுடன் வண்டி நின்றுவிட்டது.

டெல்மா ஒரு கிழங்கை அவன் கையில் வைத்தாள். "நான் கழுவி, சீவி, அவித்து, தின்றேன். எங்கள் மொழியில் கழுவி, சீவி, அவித்து மூன்றுக்கும் முடிவில் ஒரே வால். 'அடுத்த வேலையைச் செய்வதும் இதே ஆள்தான்' என்று அந்த வால் சொல்லும். இப்போது நான் அவிக்கிறேன், நீ தின்கிறாய். அவிக்கிற சொல்லில் வால் மாறவேண்டும். 'ஆள் மாறுகிறது, கவனி' என்று சொல்லவேண்டும். நேற்றா, இன்றைக்கா, நாளைக்கா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில் மட்டும்."

"ஒவ்வொரு சொல்லிலுமா?"

"ஒவ்வொன்றிலும். எங்கள் நாட்டில் எண்ணூறுக்கு மேல் மொழிகள். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன் பேசுவது எனக்கு விளங்காது. ஆனால் மலைநாட்டில் அவனுக்கும் பெரும்பாலும் இப்படி இரண்டு வால் இருக்கும்."

டனிஸ்ரன் கிழங்கைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தான். பிறகு தமிழில், தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். "நான் அவிச்சு, திண்டன். நான் அவிக்க, நீ திண்டாய்." இன்னொரு முறை சொன்னான். "அவிச்சு. அவிக்க."

பிறந்ததில் இருந்து வாயில் கிடந்த சங்கதி. அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான். அக்னெஸ் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன இப்ப? எல்லாரும் அப்பிடித்தானே கதைக்கிறது. சாப்பிட்டியா?" என்றாள்.

ஆனால் தமிழ் அந்த விஷயத்தில் கொஞ்சம் இளகின மனசுக்காரி. மழை பெய்து வெள்ளம் வந்தது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். டெல்மாவின் மொழியில் அப்படிச் சொன்னால் மழையே எழும்பி வெள்ளமாக நடந்து வந்த கதையாகிவிடும். டனிஸ்ரன் ஆள் மாறாத வாலை நன்றாகப் பழகிக்கொண்டான். எழும்பி, குளித்து, உடுத்து, மெற்றோ ஏறி, வேலைக்குப் போனேன். ஆள் மாறுகிற இடம் வந்தால்தான் தடுக்கி விழுந்தான்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை உண்மையாகவே ஒருவர் தடுக்கி விழுந்தார். முதல்நாள் பெய்த மழை உறைந்து, வீட்டின் வெளிப்பக்க இரும்புப் படி கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தது. டனிஸ்ரன் வேலையில். புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்த அக்னெஸ் திரும்பிப் போகும்போது, வழியனுப்பவென்று டெல்மாவும் கீழே இறங்கினாள். கடைசிப் படியில் கால் சறுக்கி, இடுப்பு அடிபட விழுந்தாள். அக்னெஸ் குளறவில்லை. தன் மெத்தை மாதிரியான பெரிய உடம்பை வளைத்து, டெல்மாவைத் தூக்கி நிறுத்தி, காரில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டனிஸ்ரன் ஏப்ரனோடு ஓடி வந்தான். டாக்குத்தர் பார்த்துவிட்டார். பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது, தாய்க்குக் கண்டல் காயம் மட்டும், ஒரு நாள் வைத்திருந்து பார்ப்போம் என்றார். டெல்மா நோவுக்குக் கொடுத்த மருந்தில் நித்திரையாகிவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது: இன்றைக்குச் சனிக்கிழமை. மாமா மலைமுகட்டில் நிற்பார். எடுக்காவிட்டால் பயந்துபோவார்.

மாமாவுக்கு ஆங்கிலம் வராது. அந்த நாட்டுச் சந்தைகளில் எல்லோரும் பேசுகிற பொதுமொழி வரும், அது டனிஸ்ரனுக்கு அரைகுறை. இந்த நல்ல சேதியை அவருடைய சொந்த மொழியிலேயே சொன்னால் என்ன? நடைபாதையில் நின்று விரல் மடித்து ஒவ்வொரு சொல்லாகக் கோத்தான். பிறகு எடுத்தான்.

சொல்ல நினைத்தது இது: டெல்மா வழுக்கி விழ, அக்கா தூக்கி, காரில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர, டெல்மா இப்போது நித்திரை கொள்கிறாள்.

ஆனால் 'விழ' என்ற இடத்தில் வாலை மாற்ற மறந்துவிட்டான். 'கொண்டுவர' என்ற இடத்திலும் மறந்துவிட்டான். தமிழ் என்றால் 'அக்கா' என்றதற்கும் 'அக்காவை' என்றதற்கும் வித்தியாசம் காது பிடித்துவிடும். அந்த மொழியில் பெயரோடு அப்படி ஒன்றும் ஒட்டுவதில்லை. வினையின் வால் சொல்வதுதான் தீர்ப்பு. ஆகவே மலைமுகட்டில் நின்ற மாமாவின் காதில் விழுந்தது வேறு. டெல்மா வழுக்கி விழுந்து, அக்காவைத் தூக்கி, காரில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, இப்போது நித்திரை கொள்கிறாள்.

மறுமுனையில் மாமா ஏதோ கேட்டார். வேகமாக, உரத்து, இரண்டு மூன்று முறை. டனிஸ்ரனுக்குப் பிடிபடவில்லை. "நல்லம், நல்லம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிட்டது.

"என்னவாம் மாமா?" என்று அக்னெஸ் கேட்டாள்.

"சந்தோஷமாம் அக்கா."

"நான் தூக்கினதையும் சொன்னியே?"

"ஓம், அதையும் சொன்னனான்."

அடுத்தநாள் டெல்மா கட்டிலில் எழும்பி இருந்து சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பெருமையோடு விஷயத்தைச் சொன்னான். முழுவதையும் நானே சொன்னேன், ஒரு ஆங்கிலச் சொல்கூடக் கலக்கவில்லை.

"என்ன சொன்னாய்? அப்படியே சொல்லு."

சொன்னான். அவள் கரண்டியை வைத்தாள். முகம் ஒருமாதிரிப் போயிற்று. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்ன நடந்தது என்று அவள் விளக்க, டனிஸ்ரன் கதிரையில் குந்திவிட்டான். உடனே அப்பாவுக்கு எடுத்துப் பார்த்தாள், முகட்டில் ஆள் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஊரில் இருந்து டெல்மாவின் மச்சான் ஒருவன் தொலைபேசியில் செய்தி அனுப்பினான். மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டு அந்த வீட்டுக்காரர் தங்கள் பெண்களைச் சுமக்க வைக்கிறார்களாம், அங்கே ஆம்பிளையள் இல்லையா என்று கேட்டாராம். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், வழி சொல்லு என்று பட்டினத்துக்கு வந்து நிற்கிறாராம்.

டெல்மா உடனே அவரைப் பிடித்து நடந்ததைச் சொல்லித் தெளிவாக்கினாள். மாமாவும் சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்தே தீருவேன் என்றார். வந்த அலுவலை ஏன் விடுவான் என்பது அவருடைய நியாயம்.

ஆனால் டனிஸ்ரன் வாயை மூடிவிட்டான். இரண்டு கிழமை அந்த மொழியில் ஒரு சொல் பேசவில்லை. டெல்மா ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னான். அவமானம் ஒரு பக்கம். ஒரு வயதுபோன மனுஷனைக் கடல்களுக்கு அப்பால் நின்று பயப்படுத்திவிட்டேனே என்கிற கவலை இன்னொரு பக்கம்.

ஒரு ஞாயிறு அவள் அடுப்படியில் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?"

"எனக்குச் சரிவராது டெல்மா. பிழை பிழையாகச் சொல்கிறேன்."

"பிழைதான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன்னைத் திருத்தினேனே, ஞாபகமா? 'இங்கே இந்த வால் இல்லை, அந்த வால்' என்று. இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில், பாடத்துக்கு வெளியே, என் மொழியில் நான் ஒருவரைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?" அவள் அவன் கையில் இருந்த அகப்பையை வாங்கி வைத்தாள். "நீ பிழை விடு. நான் திருத்துகிறேன். திருத்த ஆள் இல்லாமல் என்னை விட்டுவிடாதே."

டனிஸ்ரன் அடுப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று அவளுடைய மொழியில் சொல்லத் தொடங்கினான்.

இந்த முறை அவள் வேறொரு வழி காட்டினாள். அவளுடைய ஊரில் கதை சொல்கிறவர்கள் ஒரு வசனத்தை முடித்ததும், முடித்த அந்த வினையையே திரும்பத் தூக்கி அடுத்த வசனத்தின் முதலில் வைப்பார்கள். தோட்டத்துக்குப் போனேன். போய், கிழங்கு கிண்டினேன். கிண்ட, மழை வந்தது. "அந்தப் பழைய சொல்லில் ஒரு மூச்சு நில்லு. நின்று, அடுத்தது யார் என்று பார். அதே ஆளா, வேறு ஆளா? பார்த்துவிட்டு வாலைப் போடு."

அந்த ஒரு மூச்சு டனிஸ்ரனுக்குப் போதுமாயிருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் குசினியில் நடந்ததைச் சொன்னான். தலைமைச் சமையற்காரர் கத்தினார். கத்த, பெடியன் சட்டியைப் போட்டான். போட்டு, ஓடினான். ஓட, எல்லோரும் சிரித்தோம். கதைக்கு விஷயம் வேண்டுமே என்பதற்காக, முன்பு கவனிக்காததையெல்லாம் கவனிக்கத் தொடங்கினான். யார் யாரைக் கோபிக்கிறார்கள், யாருக்கு யாரில் விருப்பம், மெற்றோவில் பக்கத்தில் இருந்தவர் என்ன தின்றார். தமிழிலும் வாய் திறந்துவிட்டது. ஒரு ஞாயிறு மண்டபத்தில், முதலாளியின் நாய் குசினிக்குள் புகுந்து வாத்திறைச்சியைத் தூக்கிய கதையை அவன் சொல்லி முடிக்கும்வரை எங்களுடைய கோப்பி ஆறிப்போய்விட்டது. "உவனுக்கு என்னடா நடந்தது?" என்று பக்கத்தில் நின்ற ஹென்றி அண்ணை என் காதில் கேட்டார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை பிறந்தாள். அடுத்தநாள் சனி. டெல்மா பிள்ளையை அணைத்துக்கொண்டு தொலைபேசியை டனிஸ்ரனிடம் நீட்டினாள். "நீ சொல்லு."

மறுமுனையில் மாமா மட்டும் இல்லை. நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்து பாதி ஊர் முகட்டுக்கு ஏறி வந்திருந்தது. இரைச்சல் கேட்டது. மாமா அதட்ட, அடங்கியது.

டனிஸ்ரன் மெல்லத் தொடங்கினான்.

"டெல்மாவுக்கு நோவு வர, நான் அக்காவைக் கூப்பிட்டேன். கூப்பிட, அக்கா கார் கொண்டுவந்தாள். கொண்டுவர, நாங்கள் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய், காத்திருந்தோம். காத்திருக்க, பிள்ளை வந்தாள். வந்து, அழுதாள். அழ, டெல்மா சிரித்தாள். சிரித்து, பிள்ளையை வாங்கி, நெஞ்சில் வைத்திருந்தாள். வைத்திருக்க, நான் அழுதேன்."

சொல்லி முடித்துவிட்டு, எங்கேயாவது பிழை விட்டேனோ என்று டெல்மாவைப் பார்த்தான். அவள் கண் நிறையத் தண்ணியோடு தலையசைத்தாள். அப்போது மாமாவின் குரல் தொலைபேசியை விட்டுத் தள்ளிக் கேட்டது. கூட்டத்தின் பக்கம் திரும்பி, அவன் சொன்னதை முதலில் இருந்து, ஒரு வாலும் மாற்றாமல், உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நோவு வர, கூப்பிட, கொண்டுவர. கடைசிச் சொல் விழுந்ததும் மலைமுகட்டில் பெரிய ஆரவாரம்.

மாமா திரும்ப வந்தார். "மருமகன், இந்த முறை என் மகள் யாரையும் தூக்கவில்லை."

"பிள்ளையைத் தூக்கினாள், மாமா."

பிள்ளைக்கு டெல்சிகா என்று பெயர் வைத்தார்கள். வீசா கிடைத்து, ஆவணி முடிவில் சியூனே மாமா மொன்றியலுக்கு வந்து இறங்கினார். குள்ளமான, உறுதியான மனுஷன். வெள்ளைத் தாடி. விமான நிலையத்தில் அக்னெஸ் பூங்கொத்தோடு நின்றாள். மாமா அவளை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்துவிட்டு டனிஸ்ரனிடம் ஏதோ சொன்னார். டனிஸ்ரன் நெளிந்தான்.

"என்னவாம்?"

"அது... ஒண்டுமில்லை அக்கா."

"சொல்லடா."

"உங்களைத் தூக்கிறதெண்டா தன்ர மகள் உண்மையாவே பலசாலியாத்தான் இருக்கவேணுமாம்."

அன்றைக்குத்தான் அக்னெஸுக்கு முழுக்கதையும் தெரியவந்தது. தன் வீரச்செயல் தலைகீழாக ஒரு மலைநாடு முழுவதும் உலாவியிருக்கிறது என்று கேட்டதும் முகத்தை நீட்டிக்கொண்டு கார் ஓட்டினாள். வீடு வருவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாமா நின்ற காலம் நல்ல காலம். காலையில் பேத்தியை நூற்பைக்குள் வைத்து, பையின் பிடியை நெற்றியில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் நடந்து போவார். அக்னெஸ் முதல்நாள் கண்டுவிட்டுப் பதறிப்போனாள். "ஐயோ, மீன் வாங்குற உமலுக்குள்ள மாதிரியெல்லே பிள்ளையைப் போட்டிருக்கிறார்!" ஆனால் எந்தத் தொட்டிலிலும் தூங்காத டெல்சிகா அந்தப் பைக்குள் இரண்டு மணித்தியாலம் அசையாமல் தூங்கினாள். அதன் பிறகு அக்னெஸ் தனக்கும் ஒரு பை பின்னித் தரச்சொல்லிக் கேட்டாள்.

மாமாவுக்கும் அக்னெஸுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. அதற்காகக் கதை நிற்கவில்லை. பின்பக்கப் பல்கணியில் பயத்தங்காய் முறித்துக்கொண்டு அவர் தன் மொழியில் சொல்லுவார், அவள் தமிழில் சொல்லுவாள். ஒருநாள் மாமா, இதற்குள் அக்னெஸிடம் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்த டெல்மாவைக் கூப்பிட்டுக் கவலையோடு ஒன்று கேட்டார்.

"இந்த அம்மா ஒவ்வொரு வசனத்திலும் 'வந்து, வந்து' என்கிறாளே. வந்து என்றால் வருகிறது என்றுதானே நீ சொன்னாய்? யார் வருகிறார்கள்? நானும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவரையும் காணவில்லை."

தமிழில் அந்த 'வந்து'வுக்கு யாரும் வரத் தேவையில்லை என்று டெல்மா விளங்கப்படுத்தியதும் மாமா அதிசயப்பட்டார். ஆள் இல்லாத ஒரு வினையா? அது அவருக்குப் பிடித்துப்போனது. போகும்வரை தன் பேச்சிலும் இடைக்கிடை ஒரு "வந்து" போட்டுக்கொண்டார்.

முதல் ஸ்நோ விழுவதற்கு முன் அவர் திரும்பவேண்டியிருந்தது. விமான நிலையத்தில் பேத்தியின் உச்சியில் மூக்கை வைத்து மணந்தார். டனிஸ்ரனின் தோளை இறுக்கிப் பிடித்தார். "சனிக்கிழமைகளில் நீயும் பேசு," என்றார். பிறகு பாதுகாப்பு வரிசைக்குள் போய் மறைந்தார். டெல்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பின் இருக்கை கிடைத்தது. அவள் அழுது ஓய்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில். பஸ் நகரத்துக்குள் நுழைய, அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள். அப்பா சாப்பாட்டுப் பொதியை மறந்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கவேண்டும். நாளைக்கு வேலையில் எத்தியோப்பியாக் கோப்பி வருகிறது. கதைத்துக்கொண்டே வந்தாள், வேகமாக, உரத்து. எதிரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். டனிஸ்ரன் அங்கங்கே மறுமொழி சொன்னான். ஒரு இடத்தில் அவனைத் திருத்திவிட்டு மேலே போனாள்.

வீட்டுக்குக் கிட்ட வந்தபோதுதான் அவன் கவனித்தான். தகப்பன் போய்விட்டார். ஆனாலும் அவள் ஆங்கிலத்துக்குத் திரும்பவில்லை. அவளுக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை.

"வீட்டில் பால் முடிந்துவிட்டது," என்றாள் அவள் தன் மொழியில். "நீ இங்கே இறங்க, நான் பிள்ளையைக் கொண்டு வீட்டுக்குப் போகிறேன்."

அவன் இறங்கி, மூலைக் கடையில் பால் வாங்கி, வீட்டுக்குப் போனான்.